கேள்வி கேட்கும் ஏடு வேண்டும்!

"பால்வெட்டுத் தொழிலாளிக்குப் பத்திரிகை எதற்கு? மழை இல்லாவிட்டால் மரத்துக்குப் போகிறான். மாதம் முடிந்தால் சம்பளம் வாங்குகிறான். அரசியலும் விவாதமும் அவன் வயிற்றை நிரப்புமா?"

இப்படிக் கேட்போர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். துரைமார் கேட்டால் அதில் வியப்பில்லை. தொழிலாளி எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாள் முதலே அவர்களுக்கு அது பிடிக்காத செயல்தான். ஆனால் நம்மவரே கேட்கிறார்கள். சந்தா கட்டும் தொழிலாளரும் கேட்கிறார்கள். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிமாரும் கேட்கிறார்கள். சங்கத்தில் பொறுப்பு வகிக்கும் சிலரும் கேட்கிறார்கள். "பண்டிகை வாழ்த்தும், பாராட்டுக் கூட்டமும், தலைவர் படமும் போட்டால் போதாதா? வீண் வம்பு எதற்கு?" என்பது இவர்களின் உபதேசம்.

இவர்களுக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறோம். கோலசிலாங்கூர் தொடங்கி ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, ரவாங், பத்தாங் காலி, களும்பாங் வரையுள்ள தோட்டங்களின் சரித்திரமே அந்தப் பதிலை வைத்திருக்கிறது. எங்கோ தேடிப் போக வேண்டியதில்லை.

பத்தாங் காலி சொல்லும் பாடம்

1948 டிசம்பர் மாதம். அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டு ஆறு மாதம்கூட நிறையவில்லை. பத்தாங் காலிக்கு அருகே சுங்கை ரெமோக் ரப்பர் தோட்டம். 'ஸ்காட்ஸ் கார்ட்ஸ்' என்னும் பிரிட்டிஷ் படைப்பிரிவைச் சேர்ந்த சிப்பாய்கள் தொழிலாளர் குடியிருப்புக்குள் நுழைந்தார்கள். ஆண்களைப் பெண்டு பிள்ளைகளிடமிருந்து பிரித்தார்கள். டிசம்பர் 11ஆம் தேதி மாலையில் ஒருவர், மறுநாள் காலையில் 23 பேர், ஆக 24 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கையில் ஆயுதமில்லாத சீனத் தொழிலாளர்கள் அவர்கள். குடியிருப்பும் தீக்கிரையாயிற்று.

மறுநாள் உலகத்துக்குச் சொல்லப்பட்டது என்ன? "கொள்ளைக்காரர்கள் தப்பியோட முயன்றார்கள், சுட்டோம்." அரசாங்கத்தின் வாய்ச்சொல்லே செய்தியாக அச்சேறியது. பிறகு சில கேள்விகள் எழுந்தபோது அரசாங்கமே விசாரித்தது. அரசாங்கமே தனக்கு நற்சான்று எழுதிக்கொண்டது. கோப்பு மூடப்பட்டது.

21 ஆண்டுகள் கழிந்தன. 1970 பிப்ரவரியில் லண்டனில் வெளிவந்த 'தி பீப்பிள்' என்னும் பத்திரிகை, அன்று துப்பாக்கி பிடித்த சிப்பாய்கள் சிலரின் வாக்குமூலங்களை வெளியிட்டது. இறந்தவர்கள் தப்பியோடவில்லை, நிறுத்திவைத்துச் சுடப்பட்டார்கள் என்ற உண்மை அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. பிரிட்டனில் போலீஸ் விசாரணை தொடங்கிற்று; அதே ஆண்டில் ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது. இறந்தோரின் குடும்பத்தார் கடைசிவரை போராடினார்கள். 2015இல் பிரிட்டிஷ் உச்சநீதிமன்றமும் காலக் கணக்கைக் காட்டி, விசாரணை நடத்த அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டது.

தோழர்களே, சற்றுச் சிந்தியுங்கள். தோட்டம் நம் வட்டாரத்தில். பிணம் விழுந்தது நம் வட்டாரத்தில். விதவையானவர்கள் நம்மைப்போல் ரப்பர்த் தோட்டத்தை நம்பி வாழ்ந்த பெண்கள். ஆனால் உண்மை அச்சேறியதோ ஏழு கடலுக்கு அப்பால், ஒரு தலைமுறை கழித்து! 1948இல் சுங்கை ரெமோக்கில் இறங்கி, பெண்களிடம் பேசி, அவர்கள் சொன்னதை அஞ்சாமல் அச்சிட்டு, மக்கள் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வலிமை படைத்த ஏடொன்று இந்த மண்ணில் இருந்திருந்தால்? போன உயிர் திரும்பாதுதான். ஆனால் கொல்லப்பட்டவன் மீது 'கொள்ளைக்காரன்' என்ற பழியும் சேர்ந்து விழுந்திருக்காது.

"இறந்தவர் சீனர், நமக்கென்ன?" என்று யாராவது கேட்டால் அவர்களுக்கு ஒன்று சொல்வோம். லயத்துக்குள் துப்பாக்கி நுழையும்போது அது சாதி கேட்டுச் சுடுவதில்லை. அதற்கு ஏழு ஆண்டு முன்பு அதே துப்பாக்கி நம் பக்கம் திரும்பியிருந்தது.

1941: கூலியும் பேச்சுரிமையும்

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம் சிலாங்கூரை உலுக்கியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஆர். எச். நாதன். அவர் துரையுமல்லர், கங்காணியுமல்லர். 'தமிழ் நேசன்' பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவர். பேனா பிடித்த கை, கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியாகத் தொழிலாளியின் கையைப் பற்றியது. அதுதான் ஆட்சியாளரை நடுங்க வைத்தது.

தொழிலாளர் என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். மருத்துவ வசதியும் பிள்ளைகளுக்குப் படிப்பும் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். எங்கள் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்து என்றார்கள். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது என்றார்கள். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற அவமானம் ஒழிய வேண்டும் என்றார்கள். அந்தப் பட்டியலிலேயே இன்னொன்றும் இருந்தது. பேச்சுரிமை வேண்டும், கூட்டம் கூடும் உரிமை வேண்டும் என்பதே அது!

வயிற்றுக்கும் வாய்க்கும் சம்பந்தமில்லை என்று இன்று உபதேசம் செய்வோர் இந்தப் பட்டியலை ஒருமுறை படிக்கட்டும். பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்காத பெரும்பாலோர், கூலி உயர்வையும் பேச்சுரிமையையும் ஒரே மூச்சில் கேட்டார்கள். வாய் திறக்க முடியாதவனுக்கு ஒரு காசு கூட்டிக் கொடுத்தாலும் மறுநாளே அதைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அரசாங்கம் என்ன செய்தது? நாதனைக் கைது செய்தது. 1941 மே மாதத்தில் அவரைப் பிடித்து, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தியது. அவரை விடுதலை செய் என்று ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையை நிறுத்தினர். மே 16ஆம் தேதி சிலாங்கூரில் அவசரநிலை பிறந்தது, இராணுவம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் 5 தொழிலாளர் மாண்டனர். ஒரு பத்திரிகைக்காரனின் பேனா வெறும் மை தடவிய குச்சியாயிருந்தால் அதற்கு எதிராக இத்தனை படை எதற்கு?

வேலியைத் தாண்டிய ஏடு

இலங்கை மலைநாட்டிலும் இதே கதைதான். தோட்டம் தனியார் நிலம்; துரையின் அனுமதியின்றி வெளியார் காலெடுத்து வைத்தால் அத்துமீறல். அங்கே கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்ணால் கண்டார். கண்டதை எழுதினார். 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். அவர் மனைவி மீனாட்சியம்மையும் உடன் நின்று எழுதினார், பாடினார். 1931இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்தார். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஏடு, பிறகு சங்கம். சிந்தனை தோன்றிய பிறகுதான் சங்கம் நின்றது.

அதற்கும் முன்பே, 1907இல், சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார ஏட்டைத் தொடங்கினார். அதன் விலையையே பெயராக வைத்தார். உழைக்கும் ஏழை தன் ஒரு பைசாவைக் கொடுத்து வாங்கும் ஏடு. ஆகவே அவனுக்கே பதில் சொல்லக் கடமைப்பட்ட ஏடு. கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் உழைத்த தொழிலாளரிடையே அதற்குப் பேராதரவு இருந்தது. இரத்தினக் கம்பளம் விரித்தவர் எவருமில்லை. பைசாக்கள்தான் அதைத் தாங்கின.

எவர் காசில் அச்சாகிறது?

இங்கேதான் நாம் சொல்ல வந்த முக்கியச் செய்தி இருக்கிறது. ஏடு இருந்தால் மட்டும் போதாது. அது எவர் காசில் அச்சாகிறது, எவருக்குப் பதில் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் மலாய்ச் சகோதரர்களின் 'உத்துசான் மெலாயு' பத்திரிகையைப் பாருங்கள். 1939இல் சிங்கப்பூரில் தோன்றியபோது அதன் பங்குகளை வாங்கியவர்களில் டாக்சி ஓட்டிகளும், விவசாயிகளும், சிறு வியாபாரிகளும் இருந்தனர். ஏழைகளின் வெள்ளியில் எழுந்த பத்திரிகை அது. ஏழைக்காகவும் எழுதியது. ஆனால் காலப்போக்கில் பங்குகள் கைமாறின. ஆளுங்கட்சியின் பிடி இறுகியது. 1961 ஜூலையில் கட்சி தன் ஆளை ஆசிரியர் நாற்காலிக்கு அனுப்பியபோது, ஆசிரியர் சைட் ஸகாரி தலைமையில் பத்திரிகைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சம்பள உயர்வுக்காக அல்ல. செய்தியை நேர்மையாக எழுதும் உரிமைக்காக! 93 நாள் நின்றார்கள். தோற்றார்கள். சைட் ஸகாரி பிறகு 1963இல் சிங்கப்பூரில் கைதாகி, விசாரணையே இன்றி 17 ஆண்டு சிறையில் கிடந்தார்.

அவர்கள் தோற்றதற்குத் துணிச்சல் குறைவு காரணமல்ல. பங்குச் சீட்டு வேறு கைக்குப் போயிருந்தது. அச்சகத்தின் சாவி எவர் இடுப்பில் தொங்குகிறதோ அவர் சொல்லே தலையங்கம்.

நம் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு மட்டும் வேறு விதியா? 1924இல் பிறந்த 'தமிழ் நேசன்' தலைமுறை தலைமுறையாக லயத்துத் திண்ணைகளில் வாசிக்கப்பட்டது. பிற்காலத்தில் அது ஓர் அரசியல் தலைவரின் குடும்பத்தார் கைக்குச் சென்றது. 2019 பிப்ரவரியில் அடைக்கப்பட்டது. எத்தனை தொழிலாளர் தங்கள் வாழ்நாள் முழுதும் அதைக் காசு கொடுத்து வாங்கினர்! ஆனால் அதை நடத்துவதா மூடுவதா என்று முடிவு செய்தபோது அவர்களை எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய சட்டமும் இல்லை. வாங்கியவர்கள் வாசகர்கள் மட்டுமே, சொந்தக்காரர்கள் அல்லர்.

அனுமதிச் சீட்டு

காசு ஒரு கயிறு என்றால், சட்டம் இன்னொரு கயிறு. 1948 அவசரகாலத்தில் வெள்ளையர் கொண்டுவந்த அச்சகச் சட்டத்தின் வாரிசாக 1984இல் அச்சகங்கள் வெளியீடுகள் சட்டம் வந்தது. ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. 1987 அக்டோபரில் 'தி ஸ்டார்', 'சின் சியூ ஜிட் போ', 'வத்தான்' ஆகிய மூன்று பத்திரிகைகளின் அனுமதி ஒரே வீச்சில் பறிக்கப்பட்டது நமக்கு நினைவிருக்கட்டும். 2012இல் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விதி நீங்கியது. அனுமதி வாங்கியே தீரவேண்டும் என்ற விதி நீங்கவில்லை.

இந்தச் சட்டத்தின் உள்நோக்கம் என்னவென்று அறிய 'அலிரான்' இயக்கத்தின் வழக்கைப் பார்க்க வேண்டும். 1977இல் பினாங்கில் தோன்றிய அந்த இயக்கம் ஆங்கிலத்தில் ஒரு மாத ஏடு நடத்தியது. ஆட்சியை ஆராய்ந்தது, குறை கண்டால் எழுதியது, சிறிய ஏடாயினும் எவர் பையிலும் கிடக்கவில்லை. 1980களில் மலாய் மொழியிலும் வெளியிட அனுமதி கேட்டபோது அமைச்சர் மறுத்தார். உயர்நீதிமன்றம் இயக்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டில் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளியது.

ஆங்கிலத்தில் எழுதலாமாம், மலாயில் கூடாதாம்! ஏன்? படித்த சிலர் தங்களுக்குள் விவாதிப்பதால் எந்த நாற்காலியும் ஆடாது. மீனவனும் உழவனும் ஆலைத் தொழிலாளியும் தன் தாய்மொழியில் விவாதிக்கத் தொடங்கினால்தான் ஆடும். ஆகவே, "அரசியல் ஏடு படித்தவர்களுக்கு, பால்வெட்டுகிறவனுக்கு அல்ல" என்று நம்மவர் சொல்லும்போது, அவர்கள் அறியாமலே அந்த மறுப்புக் கடிதத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

சங்கமும் விலக்கல்ல

"அரசாங்கத்தையும் முதலாளியையும் கேள்வி கேளுங்கள், சங்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்" என்று சிலர் நயமாகச் சொல்வார்கள். ஒற்றுமை குலையுமாம். இதை நாம் ஏற்கமாட்டோம்.

சுதந்திர ஏடு என்றால் எதிராளியைத் திட்டும் ஏடு என்று பொருளல்ல. எதிராளியைத் திட்டத் தைரியம் வேண்டியதில்லை. தொண்டை இருந்தால் போதும். தன் வீட்டுக் கணக்கைத் தானே சரிபார்ப்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். சந்தாப் பணம் எப்படிச் செலவாகிறது? கூட்டு ஒப்பந்தத்தில் எதை விட்டுக்கொடுத்தோம், எதற்காக? கிளைத் தேர்தல் முறையாக நடந்ததா? இந்தக் கேள்விகளைக் கேட்கும் தொழிலாளியின் கடிதம் இந்த ஏட்டில் அச்சாக வேண்டும். பொறுப்பாளரின் பதிலும் அதன் அருகிலேயே அச்சாக வேண்டும். கடிதம் வந்தால் குப்பைக் கூடைக்கும், படம் வந்தால் முதற்பக்கத்துக்கும் போகுமானால், அது தொழிலாளர் ஏடல்ல, தலைவரின் நிலைக்கண்ணாடி.

கேள்வியால் உடையும் ஒற்றுமை முன்பே உடைந்துபோன ஒற்றுமை. கேள்வி கேட்டும் நிற்பதுதான் சங்கம்.

கைப்பேசி போதாதா?

"இப்போது எல்லார் கையிலும் கைப்பேசி, நொடியில் செய்தி வருகிறது, தாள் எதற்கு?" என்பது புதிய வாதம். வருவது உண்மை. யாரிடமிருந்து வருகிறது? பெயரில்லை, முகவரியில்லை. காலையில் வந்த செய்தி பொய்யென்று மாலையில் தெரிந்தால் யாருடைய சட்டையைப் பிடிப்பது? ஏட்டுக்கு ஓர் ஆசிரியர் உண்டு. எழுதியவர் பொறுப்பேற்க வேண்டும். தவறினால் திருத்தம் போட வேண்டும். வதந்திக்கும் செய்திக்கும் இடையே இருக்கும் கோடு அந்தப் பொறுப்புதான். தாளில் வந்தாலும் சரி, கைப்பேசித் திரையில் வந்தாலும் சரி, பொறுப்போடு கேள்வி கேட்பதைத்தான் நாம் ஏடு என்கிறோம்.

கேட்க வேண்டிய கேள்விகளுக்கா பஞ்சம்? மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் ஒரு வீட்டுக்காகப் பல ஆண்டு காத்து நின்றார்கள். ரப்பர் மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தது. செம்பனை வீழ்ந்து வீடமைப்புத் திட்டம் எழுந்தது. நிலத்தைப் பண்படுத்தியவனுக்குக் கூரை மட்டும் பல ஆண்டு எழவில்லை. அவர்களுக்கு எப்போது, எவர், என்ன வாக்குறுதி கொடுத்தார் என்பதைத் தேதியோடு எழுதிவைத்து, ஒவ்வோர் ஆண்டும் அதை மீண்டும் அச்சிடும் ஏடு இருந்தால், வாக்குறுதி கொடுப்பவன் அதை மறக்கத் துணிவானா?

2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட் என்று தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. எடைக்குக் கூலி வாங்குவோருக்கும் அது பொருந்தும் என்பது உத்தரவு. மழை மாதத்தில் பால்வெட்டுத் தொழிலாளியின் சம்பளச் சீட்டில் அந்தத் தொகை தெரிகிறதா? நம்மோடு குலை வெட்டும் வங்காளதேசத்தவரின், இந்தோனேசியரின் சீட்டில் தெரிகிறதா? அவர்களுக்குக் குறைத்துக் கொடுப்பது வழக்கமானால், நாளை நமக்கும் அதுவே அளவுகோலாகும். 1941இல் சீனருக்கு இணையாகக் கூலி கேட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு புரியாமலா போகும்?

நம் கடமை

ஆகவே தோழர்களே, ஏடு வேண்டுமென்று ஆசைப்பட்டால் மட்டும் போதாது. அதை நம் காசில் நிறுத்த வேண்டும். விளம்பரக்காரரின் தயவிலோ, கட்சிக்காரரின் நன்கொடையிலோ ஏடு வாழத் தொடங்கினால், அவர்களுக்குப் பிடிக்காத வரி ஒவ்வொன்றாக மறைந்துவிடும். கடைசியில் தாள் இருக்கும், எழுத்தும் இருக்கும், சொல்ல ஒன்றும் இராது.

கிராணிமார் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணும் எழுத்தும் உங்கள் கையில் இருக்கின்றன. குறைந்தபட்சச் சம்பள உத்தரவு என்ன சொல்கிறது, கூட்டு ஒப்பந்தத்தின் விதிகள் என்ன சொல்கின்றன என்பதை எளிய தமிழில் எழுதி அனுப்புங்கள். பால்வெட்டும் தோழர்களே, எழுத வரவில்லை என்று ஒதுங்காதீர்கள். வாயால் சொல்லுங்கள், படித்த பிள்ளை எழுதட்டும். பெண்கள் தங்கள் குறைகளைத் தாங்களே சொல்லட்டும். அவர்களுக்காக ஆண்கள் பேசியது போதும். ஒவ்வொரு தோட்டத்திலும் வாரம் ஒருநாள் மாலையில் நாலு பேர் உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். படித்ததை அப்படியே நம்பாதீர்கள், விவாதியுங்கள். இந்த ஏடு எழுதுவதையும் சேர்த்தே சொல்கிறோம்.

சுங்கை ரெமோக்கின் உண்மை 21 ஆண்டு கழித்து அந்நிய நாட்டில் அச்சாயிற்று. இனி நம் தோட்டங்களில் நடப்பது அந்த வாரமே, நம் மொழியில், நம் காசில் அச்சாக வேண்டும். அந்த ஏட்டுக்கு உங்கள் சந்தாவைக் கொடுங்கள். உங்கள் கேள்வியையும் கொடுங்கள்.